நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கு என்ன ரீசார்ஜ் போடுகிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மா, அப்பா, மாமியார் யாராவது இருந்தால், அந்த நம்பருக்கு இப்போது என்ன பேக் ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா உள்ள பேக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நெட்டே ஓடாத போனுக்கு எதற்கு அந்த டேட்டா? நள்ளிரவு ஆனதும் அன்றைய ஒன்றரை ஜிபி அப்படியே போய்விடும். காசு மட்டும் நம்முடையது.

என் அம்மா மணப்பாறைக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். வரும் போனை எடுப்பார். அவராகக் கூப்பிடுவது என்னையும் அத்தையையும், எப்போதாவது கேஸ் சிலிண்டர் பதியவும்தான். பஸ் ஸ்டாண்ட் கடையில் 299 ரூபாய் பேக் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் 299 என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அது 28 நாள் பேக், வருடத்துக்கு 13 தடவை போட வேண்டும். 3,887 ரூபாய் ஆகிறது. எங்கள் ஊரில் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை மட்டும் நம்பி இருக்கும் பாட்டிகளும் இதே பேக்தான் போடுகிறார்கள். வருகிற பணத்தில் கால்வாசி போனுக்கே போகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

2024 டிசம்பர் 23 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கை ஒவ்வொரு கம்பெனியும் கட்டாயம் வைக்க வேண்டும். அதோடு இப்படிப்பட்ட சிறப்பு ரீசார்ஜ்களுக்கு 90 நாளாக இருந்த வேலிடிட்டி உச்ச வரம்பையும் 365 நாளாக உயர்த்தினார்கள். வயதானவர்களுக்கும், வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்களுக்கும் டேட்டா தேவையில்லை என்பதை அதில் காரணமாகவே சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதமே பேக்குகள் வந்துவிட்டன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இவை 2025 தொடக்கத்து விலைகள், போடும் முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் போய்க் கேட்டால், “அப்படி ஒரு பேக்கே கிடையாது தம்பி” என்றார் கடைக்காரர். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் போனில் ரீசார்ஜ் திரையைத் திறந்ததும் முதலில் வருவதெல்லாம் தினசரி டேட்டா பேக்குகள்தான். ‘பிரபலமானவை’, அப்புறம் ‘அன்லிமிடெட் 5ஜி’, அப்புறம் ஓடிடியோடு சேர்ந்தவை. விரலால் தள்ளிக்கொண்டே போனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன வரியில் ‘வாய்ஸ் மட்டும்’ என்று இருந்தது. அவரே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “யாரும் கேட்டு வரலையே” என்றார். அம்மாவுக்கு 365 நாள் பேக் போட்டோம். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம்தான். 299 கணக்கோடு பார்த்தால் வருடத்துக்கு 2,038 ரூபாய் மிச்சம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மொத்தமாக 1,849 ரூபாயை எல்லோராலும் எடுத்து வைக்க முடியாது. அவர்களுக்கு 84 நாள் பேக்கே சரி. தினக் கணக்கில் ஐம்பது பைசா அளவுதான் வித்தியாசம்.

இதைவிடக் குறைவாக ஓட்டுபவர்கள் இருந்தால் எழுதுங்கள். எங்கள் ஊரில் இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

* * *

திருநெல்வேலி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா நம்பரை பிஎஸ்என்எல்லுக்கு மாற்றினோம். 2024 ஜூலையில் மற்ற மூன்று கம்பெனிகளும் விலையை ஏற்றினார்கள் அல்லவா, அப்போதுதான் வீட்டில் பேச்சு எழுந்தது. அந்தச் சமயத்தில் பிஎஸ்என்எல் ஏற்றவில்லை.

அப்பாவுக்குப் போட்டது 1,198 ரூபாய் பேக், ஒரு வருடம். மாதத்துக்கு 300 நிமிடம் பேச்சு, 3 ஜிபி, 30 எஸ்எம்எஸ். நாளைக்கு மூன்று ரூபாய் முப்பது பைசாவுக்குள் வருகிறது. 300 நிமிடம் என்பது தினமும் பத்து நிமிடம். அப்பா யாரிடமும் “சாப்டியா, சரி வை” என்பதற்கு மேல் பேச மாட்டார், அதனால் போதுகிறது. அம்மாவுக்கு இது ஒத்துவராது. சித்தியோடு பேச ஆரம்பித்தால் ஒரே மதியத்தில் இரண்டு நாள் கணக்கு காலி. அம்மா போனில் அன்லிமிடெட் பேச்சு உள்ள பேக்தான்.

மாறுவதற்கு முன்னால் டவரைப் பாருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் பிஎஸ்என்எல் வைத்திருந்தவரிடம் சிம்மை ஒரு நாள் கடன் வாங்கி அப்பா போனில் போட்டுப் பார்த்தோம். திண்ணையில் நன்றாகக் கிடைத்தது. உள்ளறையில் ஒரு கோடுதான். அப்பா இருப்பது திண்ணையில், அதனால் சரி என்று முடிவெடுத்தோம். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் மாற்றவே மாற்றாதீர்கள்.

போர்ட் செய்யும் (அதே நம்பரோடு கம்பெனி மாறும்) முறை தெரியாதவர்களுக்கு: போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பரையும் அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லுபடியாகும். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனியின் கடைக்குப் போய்விட வேண்டும். இப்போதைய கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல், ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பழைய பேக்கில் மிச்சம் இருக்கும் நாளும் பணமும் புது கம்பெனிக்கு வராது, அதனால் பேக் முடியும் வாரத்தில் ஆரம்பித்தால் நஷ்டம் இல்லை.

“உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, அதனால் போர்ட் மெசேஜ் போகாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த ப்ரீபெய்டு பேக்காக இருந்தாலும் 1900-க்கு எஸ்எம்எஸ் போக விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டுவிட்டது. எங்களிடமும் ஒரு கஸ்டமர் கேரில் அப்படித்தான் சொன்னார்கள். அந்த உத்தரவைச் சொன்ன பிறகு வேறு பேச்சு இல்லை.

* * *

முதல் பதிவில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 4ஜி போன் வேண்டும். 448 ரூபாய்தானே என்று சிம்மை மாற்றிவிட்டு அப்புறம் போனையும் மாற்ற வேண்டி வந்தால் கணக்கே தலைகீழாகிவிடும்.

ஆனால் போனே பழுதாகி, புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் ஜியோபாரத் பட்டன் போனைப் பாருங்கள். 2023-ல் 999 ரூபாய்க்கு வந்தது. அந்தப் போனுக்கென்றே 28 நாளுக்கு 123 ரூபாய், 336 நாளுக்கு 1,234 ரூபாய் என்று பேக் வைத்தார்கள். பேச்சு அன்லிமிடெட், தினமும் அரை ஜிபியும் உண்டு. டேட்டா இல்லாத பேக்கைவிட டேட்டா உள்ள பேக் மலிவு என்பது விசித்திரம்தான், ஆனால் அந்த சிம்மை வேறு போனில் போட்டு இந்த விலையில் ஓட்ட முடியாது. என் மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தோம். பட்டன் பெரிதாக இருக்கிறது, யூபிஐயும் அதில் உண்டு. அவர் பயன்படுத்துவது டார்ச்சும் போனும் மட்டும்.

* * *

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டேட்டா இல்லாத பேக் வந்ததை நான் முழு வெற்றியாகப் பார்க்கவில்லை. ஏர்டெல்லில் 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு 365 நாள் பேக் 1,999 ரூபாய், அதில் 24 ஜிபி டேட்டாவும் இருந்தது. அந்த இடத்தில் இப்போது டேட்டாவே இல்லாத 1,849. 24 ஜிபியை எடுத்துவிட்டு 150 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். என்னைப் போல் மாதம் ஒன்றிரண்டு ஜிபி மட்டும் பயன்படுத்துகிற ஆளுக்கு அந்தப் பழைய பேக்தான் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். 2003-ல் இன்கமிங் இலவசமானது. 2005-06 வாக்கில் ‘லைஃப்டைம்’ என்று சொல்லி சிம் விற்றார்கள். ஒருமுறை பணம் கட்டினால் இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். 2018 இறுதியில் மாதம் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்றார்கள். ஏர்டெல்லில் அது 2021-ல் 79, பிறகு 99 ஆனது. 2024 ஜூலைக்குப் பிறகு 199. போனை எடுக்க மட்டுமே வைத்திருப்பவர்தான் இந்த ஏற்றத்தில் அதிகம் அடிபட்டவர். டேட்டா பயன்படுத்துபவருக்கு அந்தப் பணத்துக்கு டேட்டாவாவது கிடைத்தது. இவருக்கு அதே இன்கமிங்தான்.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால்: கும்பகோணத்தில் அம்மா வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. அம்மாவுக்கு ஸ்மார்ட்போன்தான். வாட்ஸாப் வீடியோ கால், பக்திப் பாட்டு எல்லாம் வைஃபையில் ஓடிவிடும். சிம்முக்குப் பேச்சு பேக் மட்டும் போட்டிருக்கிறோம். வைஃபை காலிங்கையும் போனில் ஆன் செய்து வைத்தேன். பழைய ஓட்டு வீடு, சுவர் கனம் அதிகம், நடுக்கூடத்தில் டவர் எடுக்காது. இப்போது சாதாரண போன் காலும் வைஃபை வழியாக வந்துவிடுகிறது. வெளியூர் கிளம்பும் நாளில் மட்டும் தனியாக ஒரு சின்ன டேட்டா பேக் போட்டுவிடுவேன். கோயிலுக்குப் போன இடத்தில் ஆட்டோக்காரருக்கு யூபிஐயில் பணம் அனுப்ப முடியாமல் அம்மா நிற்கக் கூடாது.

* * *

இரண்டாவது சிம்மை வங்கி ஓடிபிக்காக மட்டும் வைத்திருப்பவன் நான். 20 ரூபாய் வைத்திருந்தால் சிம் போகாது என்று வாட்ஸாப்பில் சுற்றியதை நம்பி நிறைய பேர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அந்த விதி உண்மை, ஆனால் 2013-லேயே வந்தது. அது சொல்வது இதுதான்: 90 நாள் ஒரு காலும் எஸ்எம்எஸ்ஸும் டேட்டாவும் இல்லாமல் சும்மா கிடந்தாலும், கணக்கில் 20 ரூபாய் இருந்தால் நம்பரைப் பறிக்கக் கூடாது, 20 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும். நம்பரைக் காப்பாற்றும் விதி இது. வேலிடிட்டி முடிந்த பிறகும் இன்கமிங்கும் ஓடிபியும் வரும் என்று அதில் எங்கும் இல்லை. என் நண்பர் ஒருவருக்கு நம்பர் இருந்தது, ஓடிபி வரவில்லை. எஃப்டி முதிர்ந்த நேரத்தில் வங்கிக்கும் கடைக்கும் அலைந்தார்.

நான் செய்தது வேறு வழி. வங்கி, ஆதார், கேஸ், பிஎஃப் எல்லாவற்றிலும் முதல் சிம் நம்பரைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டேன். ஆதாரில் நம்பர் மாற்ற நான் மையத்துக்கு நேரில் போனேன், அதை முதலில் முடித்தால் மற்றவை சுலபம். நம்பரை விடுவதற்கு முன் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டோமா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். கைவிட்ட நம்பர் பிறகு வேறொருவர் கைக்குப் போகும்.

* * *

முதல் பதிவு எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. 2ஜி போனில் ஜியோ வேலை செய்யாது என்பதை நான் எழுதியிருக்க வேண்டும், அம்மா வைத்திருப்பது ஏர்டெல் என்பதால் மனதில் வரவில்லை.

டேட்டாவோடு வந்த 1,999 பற்றிச் சொன்ன நண்பருக்கு: நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிகள் அந்தப் பேக்கிலும் இல்லை, 299-இல்தான் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இது பெரிய மாற்றம். எல்லா கம்பெனி விலையையும் ஒரே இடத்தில் பார்க்க டிராய் ஒரு டாரிஃப் இணையதளம் வைத்திருக்கிறது. கடைக்காரர் திரையைவிட அது தெளிவு.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி போனில் டாப்-அப் போட்ட காசு தானாகக் கரைந்துகொண்டிருந்தது. ஏதோ காலர் ட்யூன் மாதிரி ஒரு சேவை, எந்தப் பட்டனைத் தொட்டு வந்ததோ தெரியவில்லை. 155223-க்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இப்படிப்பட்ட சேவைகளை நிறுத்தலாம், அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. நிறுத்தியாயிற்று. அடுத்த பேக் முடிந்ததும் பாட்டிக்கு 84 நாள் பேக் போடச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரிடம் காட்ட ‘டேட்டா வேண்டாம், பேச்சு மட்டும், 84 நாள்’ என்று ஒரு தாளில் எழுதி, பாட்டியின் சுருக்குப் பைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.