சுண்ணாம்புக்கல் சோதனையில் குடுவைக்குள் தங்கிவிட்ட வாயு

புதுச்சேரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். பாறையிலுள்ள கார்பனேட்டின் அளவைப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் கண்டறிய முயன்றபோது நேர்ந்ததை இங்கே பகிர்கிறேன்.

காரசூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், வீராம்பட்டினம் கடற்கரைக் கிளிஞ்சல், சிவந்த கடலூர் மணற்கல் ஆகிய மூன்றையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதும் முதல் இரண்டும் நுரைத்துப் பொங்கின. மணற்கல்லின் மேல் அமிலம் வெறும் ஈரமாகவே நின்றது.

அளவு காண்பதில்தான் சிக்கல் வந்தது. அமிலம் உள்ள கூம்புக் குடுவையில் 1 கிராம் தூளை இட்டு, சாரல் தெறித்து வெளியேறாதபடி வாயில் பஞ்சு வைத்து, நுரை அடங்கியதும் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டில், அமிலம் பட்டதும் வாயுவாக வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 44 கிராம் உண்டு என்பதால், முன்னோட்டமாக எடுத்த தூய கால்சியம் கார்பனேட் 0.44 கிராம் இழந்திருக்க வேண்டும். ஆறு குழுக்களுக்கும் கிடைத்தது 0.35 அளவில்தான். சரியாக நிறுக்கவில்லை என்று கடிந்துகொண்டு, அவர்களுடைய குறிப்பேடுகளில் சிவப்பு மையால் அடித்தேன்.

அப்போது ஒரு மாணவி, எரியும் ஊதுவத்தியைக் குடுவைக்குள் இறக்கிக் காட்டினாள். கனல் உடனே அணைந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு குடுவைக்குள்ளேயே தங்கியிருந்தது; கொஞ்சம் அமிலத்திலும் கரைந்திருந்தது. மீன்தொட்டி மோட்டாரின் குழாயைச் செருகி ஐந்து நிமிடம் மெதுவாகக் காற்று செலுத்தியபின் நிறுத்தபோது இழப்பு 0.43 கிராம் ஆனது. இந்த ஒரு படியை எந்த ஆசிரியரும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் சுண்ணாம்புக்கல் 0.36 கிராம் இழந்தது; அதாவது சுமார் 82 சதவீதம் கார்பனேட். சரிபார்க்க, இன்னொரு 1 கிராம் தூளை 25 மில்லி 1 மோலார் செறிவுள்ள அமிலத்தில் கரைத்து, கரைந்த வாயு வெளியேறக் கொதிக்கவைத்து ஆற்றி, மிஞ்சிய அமிலத்தைப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டி சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம் பார்த்தோம், அதாவது அதன் அளவைக் கண்டறிந்தோம். தூளைக் கரைக்கச் செலவான ஒவ்வொரு மில்லி அமிலமும் 5 சதவீதம் கார்பனேட்டைக் குறிக்கும் என்பதால் கணக்கு கரும்பலகையிலேயே முடிந்தது: 16.4 மில்லி, 82 சதவீதம். வடிதாளில் தேங்கிய களிமண்ணை உலர்த்தி நிறுத்தால் 0.17 கிராம்.

மறுநாள் ஆறு குழுக்களிடமும் அவர்கள் நிறுத்தது சரியே என்று சொல்லி வருத்தம் தெரிவித்தேன். நான் அடித்த இடங்களில் 0.35 என்று என் கையாலேயே திரும்ப எழுதிக் கையொப்பமிட்டேன்.