பிஎஸ்என்எல்: வருவது தெரியவில்லையா, தெரிந்தும் நகர முடியவில்லையா?

டவர்நிழல்:
ஜியோ வந்தது 2016 செப்டம்பர் 5. பிஎஸ்என்எல்லின் சுதேசி 4ஜியை நாட்டுக்கு அர்ப்பணித்தது 2025 செப்டம்பர் 27. ஒன்பது வருஷம்! போட்டியாளர் அடுத்து எங்கே காய் நகர்த்துவார் என்று கணிக்கும் பழக்கம் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. 2010 ஜூனில் பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் நாடு முழுவதற்கும் வென்ற ஒரே கம்பெனி இன்ஃபோடெல். முடிவு வந்த கையோடு ரிலையன்ஸ் அதை வாங்கிவிட்டது. பிஎஸ்என்எல்லுக்குத் தயாராகிக்கொள்ள ஆறு வருஷம் கிடைத்தது.

எக்ஸ்சேஞ்ச்காரன்:
நண்பரே, பேப்பர் படிக்கிறவனுக்கெல்லாம் தெரிந்த சங்கதி அவர்களுக்குத் தெரியாதா? முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். 2007-ல் 4.55 கோடி மொபைல் இணைப்புக்கான டெண்டர் பாதியாகக் குறைந்தது. அடுத்து 9.3 கோடி இணைப்புக்குப் போட்ட டெண்டர் 2010-ல் ரத்து. அதே வருஷம், பிஎஸ்என்எல் ஏலத்தில் உட்காராமலே, தனியார் ஏலத்தில் கேட்ட விலையை அலைக்கற்றைக்குக் கட்ட வைத்தார்கள்: சுமார் 18,500 கோடி ரூபாய். கையிருப்பு அதில்தான் கரைந்தது. 4ஜி அலைக்கற்றை தர மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டதே 2019 அக்டோபரில். 2020-ல் விட்ட 4ஜி டெண்டரும் ரத்து. எவ்வளவு பெரிய நிபுணர் அறிக்கை கொடுத்திருந்தாலும் ஃபைல் டெல்லியில்தான் கிடந்திருக்கும்.

டவர்நிழல்:
எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட முடியாது. அந்த 18,500 கோடியில் பிராட்பேண்ட் அலைக்கற்றையும் அடக்கம்தானே? இவர்கள் வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையத் தொழில்நுட்பத்தின் பக்கம் போனார்கள், ரிலையன்ஸ் எல்டிஇ-க்காக, அதாவது இன்றைய 4ஜி தொழில்நுட்பத்துக்காகக் காத்திருந்தது. உலகம் எந்தத் தொழில்நுட்பத்துக்குப் போகிறது என்று படிக்கத் தவறியது நிர்வாகம்தான்.

எக்ஸ்சேஞ்ச்காரன்:
இவர்களுக்கு ஒதுக்கியது 2500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அன்றைக்கு அதில் வேலை செய்யும் எல்டிஇ போன் எத்தனை பேர் கையில் இருந்தது?

சித்ரா_மதுரை:
இரண்டு பேருமே ஆட்களைப் பற்றிப் பேசவில்லையே. 2019 நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை விருப்ப ஓய்வுக்கு மனு வாங்கினார்கள். 2020 ஜனவரி 31 அன்று 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே போனார்கள். மொத்த ஊழியரில் பாதி! யாரை அனுப்புவது என்பதற்கு அளவுகோல் 50 வயது, வேலை அல்ல. தெருமுனையில் லேண்ட்லைன் கம்பிகள் கூடும் பெட்டியை, அதுதான் பில்லரை, திறந்து பார்த்திருக்கிறீர்களா? நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பி. எந்த ஜோடி எந்த வீட்டுக்கு, எந்த ஜாயிண்டில் மழைக்குத் தண்ணீர் இறங்கும் என்பது பல வருஷம் அதைத் தொட்டவர் தலைக்குள்தான் இருக்கும்.

டவர்நிழல்:
சகோதரி, வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போன நிறுவனம் அது. வேறென்ன வழி?

சித்ரா_மதுரை:
ஆள் குறைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, பழையவர் பக்கத்தில் இளையவரை ஆறு மாதம் நிறுத்தி, அப்புறம் அனுப்பியிருக்கலாம். மனு வாங்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் எக்ஸ்சேஞ்சுகளைக் காலி செய்வதற்கு மாற்றம் என்று பெயர் வைக்காதீர்கள்.

எக்ஸ்சேஞ்ச்காரன்:
அம்மா சொல்வது நியாயம். டவர்நிழல், ஒன்று பாருங்கள். 2024 ஜூலையில் தனியார் கட்டணம் ஏற்றியதும் லட்சக்கணக்கானோர் பிஎஸ்என்எல்லுக்கு மாறி வந்தார்கள். பல ஊரில் 4ஜி இல்லை. சில மாதத்தில் எண்ணிக்கை மறுபடி சரிந்தது. கட்டணம் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான், ஆனால் டவரில் கருவி ஏறவில்லையே. 5ஜி கொள்முதலையாவது இயக்குநர் குழுவே முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகும் கோட்டை விட்டால் உங்கள் கட்சிக்கு வருகிறேன்.