பயிற்சியில் சரியாக விழும் சர்வீஸ் ஆட்டத்தில் ஏன் பிசகுகிறது?

கேள்வி: பேட்மின்டன் குட்டை சர்வீஸ் (வலையை ஒட்டித் தாண்டி எதிராளியின் முன்பக்கம் விழ வேண்டியது). தொடர்ந்து 50 அடித்தால் கடைசி 20 கச்சிதம். மறுநாள் ஆட்டத்தில் வலையில் மோதுகிறது, இல்லையேல் உயரே எழும்புகிறது. மணிக்கட்டைக் கவனித்தும் பயனில்லை.

பதில் 1: ஒரே அடியைத் திரும்ப அடித்தால் கை முந்தையதை நகலெடுக்கும், மூளை புதிதாகத் திட்டமிடாது. அந்தக் கடைசி 20 கற்றல் அல்ல, சூடேறிய கை, அவ்வளவுதான். குட்டை, நீளம், பக்கவாட்டு மூன்றையும் கலந்து அடியுங்கள்; ஒன்றை இரு முறைக்கு மேல் தொடராதீர்கள். பயிற்சியில் தவறு கூடும், பயப்பட வேண்டாம். 1979-இல் ஷே, மார்கன் செய்த ஆய்விலும் கலந்து பயின்றவர்கள் முதலில் தடுமாறி, பின்னர் வைத்த சோதனையில் முந்தினார்கள்.

பதில் 2: மணிக்கட்டைக் கவனிப்பதுதான் வில்லங்கம். தானாக ஓடும் அசைவில் தலையிட்டால் மூட்டு இறுகும். இறகுப்பந்து வலையின் மேல்நாடாவை ஒட்டித் தாண்டும் பாதையைப் பாருங்கள்.

பதில் 3: ஒவ்வொரு அடிக்கும் திருத்தம் கேட்காதீர்கள். ஐந்துக்கு ஒருமுறை போதும். முன்னேற்றத்தை மறுநாளின் முதல் 10 சர்வீஸில் அளவிடுங்கள்.

கேட்டவர்: முழுப் புதியவருக்கும் கலவைதானா?

பதில் 1: இல்லை. பிடியும் வீச்சும் படியும்வரை ஒரே அடி, பிறகு கலவை.