புதுப்பிப்பு: மான் தங்காத 40 ஏக்கர், மூன்று வருடம் கழித்து

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தென்மேற்கில் வாங்கிய காட்டில் வெள்ளைவால் மான் கடந்து போகிறதே தவிரத் தங்குவதில்லை என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். "முதலில் வெளிச்சத்தை உள்ளே விடுங்கள்" என்றீர்கள். விட்டேன்.

ஓக் மரங்களை மேப்பிள் மரங்கள் மூடி, தரைக்கு வெயில் படாமல் செய்திருந்தன. பிப்ரவரி பனியில் செயின்சாவோடு இறங்கி ஒன்றரை ஏக்கரில் மேப்பிளைக் கழித்தேன். சில மரங்களை முக்கால்வாசி மட்டும் அறுத்துச் சாய்த்தேன். ஒரு பக்கப் பட்டை ஒட்டியிருந்தால் மரம் சாகாது, தளிர் மானுக்கு எட்டும் உயரத்திலேயே வரும். ஆபத்தான வேலைதான்; ஒன்று நெடுக்காகப் பிளந்து எகிறியதில் என் ஹெல்மெட்டில் இன்னும் கீறல் இருக்கிறது.

தப்பும் செய்தேன். ஹனிசக்கிள் என்ற, வேகமாகப் பரவும் அந்நியப் புதரை முதலில் ஒழித்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் அதுதான் முந்திக்கொண்டது. அப்புறம் இரண்டு இலையுதிர்காலம் அதை வெட்டி, அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவியே போனது. மான் மேய்வதற்காகக் குளோவர் என்ற தீவனச் செடி விதைத்த அரை ஏக்கரும் சுமாராகத்தான் வந்தது.

போன நவம்பர் துப்பாக்கி வேட்டை சீசனில், சாய்த்த மரங்களுக்கு நடுவே பனியில் மான் படுத்த ஐந்து தடங்கள், முட்டை வடிவில், ஒன்றில் முடிகூட ஒட்டியிருந்தது. கொம்பு மானை விட்டுவிட்டு ஒரு பெட்டையைச் சுட்டேன். ஓக் கன்றுகளின் நுனியெல்லாம் கடிபட்டிருக்கிறது, மான் எண்ணிக்கை குறைந்தாக வேண்டும்; குட்டி போடுவது பெட்டைதானே. 2002-ல் இந்த மாநிலத்தில் தெரியவந்த மான் நலிவு நோய் (மூளையைத் தாக்கி மானைக் கொல்லும் தொற்று) இருக்கிறதா என்று பார்க்கத் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நோய் இல்லை என்று வந்த பிறகே கறி அடுப்பேறியது.

இப்போது மிஞ்சிய கன்றுகளுக்குக் கம்பிவலை சுற்றிக்கொண்டிருக்கிறேன்.