காரைக்குடி வட்டாரத்தில் எம்சிஆர் செருப்பு செய்பவர் யார்?

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை பக்கம் கால் அளவெடுத்து எம்சிஆர் (மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு செய்து தருபவர் தெரிந்தால் சொல்லுங்கள். 68 வயது ஆச்சிக்கு. வலது உள்ளங்காலில், சுண்டுவிரல் அடி எலும்புக்கு நேர் கீழே கால் ஆணி. சர்க்கரை உண்டு.

மருவோ என்ற சந்தேகம் வேண்டாம். நேராக அழுத்தினால்தான் வலி, பக்கவாட்டில் கிள்ளினால் இல்லை; கரும்புள்ளியும் கிடையாது.

கார்ன் கேப் (கால் ஆணி மேல் ஒட்டும் மருந்துப் பட்டை) போடச் சொல்லாதீர்கள். அதிலுள்ள 40% சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரையால் உணர்வு குறைந்த காலில் புண் வந்தாலும் தெரியாது. பிளேடும் கூடாது. தடித்த தோலை மருத்துவர் சீவிவிடுகிறார். இரவில் 20% யூரியா கிரீம், விரலிடுக்கில் படாமல்.

ஆனால் அழுத்தம் போகாமல் எத்தனை முறை சீவினாலும் ஆணி திரும்ப வரும். நாள் முழுக்க ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்கால் நடை, பிறகு எப்படிக் குறையும்? அதனால் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி, வெளியே போக ஒரு ஜோடி.

வேண்டியது இப்படி: மேலே 10 மி.மீ. எம்சிஆர், விரலால் அமுக்கினால் பாதியாக அமுங்க வேண்டும். கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பல நேரம் கல்லு மாதிரி இருக்கிறது. கீழே வளையாத கெட்டி சோல். முன்பக்கம் அகலம், விரல் நடுவே வார் கூடாது, குதிகாலுக்கு வெல்க்ரோ பட்டை. செருப்பில் இரும்பு ஆணி அடிக்கவே கூடாது, பசையும் தையலும் மட்டும்.

விலை, எத்தனை நாளில் கிடைக்கும், வீட்டுக்கு வந்து அளவெடுப்பாரா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.