காயல் நடுவில் நங்கூரமா? யாரிடம் கதை?

சுக்கான்: "ஆலப்புழை போட் ஹவுஸில் போனோம், ராத்திரி வேம்பநாட்டுக் காயல் நடுவில் நங்கூரம் போட்டுத் தூங்கினோம்" என்று காயல்பித்தன் அளந்திருக்கிறார். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் போட் ஹவுஸெல்லாம் கரை ஒதுங்கிவிடும். அதற்கு மேல் காயல் வலை போடுகிறவர்களுக்கு. உங்களைக் கயிற்றில் பிடித்து வைத்திருந்தது கரையிலிருந்த தென்னை மரம் சார், நங்கூரம் இல்லை.

காயல்பித்தன்: படகு விடியும்வரை நகரவில்லை. அப்போ அது நங்கூரம்தான். சுற்றிலும் தண்ணீர், என் கண்ணால் பார்த்தேன்.

சுக்கான்: சுற்றிலும் என்றால் நாலு பக்கமுமா? நீங்களே போட்ட இரண்டாவது போட்டோவில், ஜன்னலுக்கு வெளியே கொடியில் நீலக் கட்டம் போட்ட லுங்கி காய்கிறது. நடுக்காயலில் யார் கொடி கட்டினது?

மீன்கொத்தி: படகுக்காரர் லுங்கியாக இருக்கலாமே?

சுக்கான்: பின்னால் நிற்கிற வாழையும் அவருடையதா? இருபது வருஷம் கப்பலில் இருந்தவன் நான். நங்கூரம் போட்டால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, ஏழு மடங்கு சங்கிலி விட வேண்டும். அது அடியில் படுத்துக் கிடந்து இழுத்தால்தான் கொக்கி சேற்றில் புதையும். சங்கிலிச் சத்தம் கேட்டீர்களா? கேட்டது ஏ.சி.க்கு ஓடின ஜெனரேட்டராக இருக்கும்.

கோட்டயம் மாப்பிள்ளை: எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மூங்கில் கழியைச் சேற்றில் குத்திக் கட்டினார்கள். இது எந்தக் கணக்கு? அப்புறம், கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை 168 கிலோமீட்டர், 1993இலேயே தேசிய நீர்வழி. அதில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறீர்களே!

சுக்கான்: நீர்வழியை யார் கேட்டது? லுங்கிக்குப் பதில் வரட்டும்.

காயல்பித்தன்: போன வருஷம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் பேச்சில் சுரபுன்னை மரத்தைத் தில்லை மரம் என்று மூன்று நாள் சாதித்தவர் நீங்கள்தானே? அப்போது எங்கே போச்சு இருபது வருஷம்?

சுக்கான்: அது எழுத்துப்பிழை.

மீன்கொத்தி: சுரபுன்னைக்குத் தில்லை எழுத்துப்பிழையா! சரி, கரிமீன் பொரித்தது தனிக் காசா, பேக்கேஜில் சேர்த்தியா?

காயல்பித்தன்: தனி. முள்ளுக்கும் சேர்த்து வாங்கினார்கள்.

சுக்கான்: பேச்சை மாற்றாதீர்கள். அந்த இரண்டாவது போட்டோ எங்கே? காலையில் இருந்ததே.

காயல்பித்தன்: எடுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு அதில் முகம் சரியாக விழவில்லை.

சுக்கான்: பரவாயில்லை. என்னிடம் இருக்கிறது. லுங்கிக்குப் பக்கத்தில் ஒரு கோழியும் இருக்கிறது.