ரெனே லெவெக்கை நீங்கள் எங்கே கண்டீர்கள்?

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கியூபெக் வரலாறு பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பப்பா, ரெனே லெவெக் என்றால் தெருதானே?" என்று கேட்டாள். எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் மொன்றியலில் வந்து இறங்கிய காலத்தில் அவர் கியூபெக் மாகாண முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டார், அதனால் நேரே கண்டவர்கள் நம்மில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த மாகாணத்தில் இருப்பவர்கள் ஏதோ ஓரிடத்தில் அவரைக் கண்டிருப்பீர்கள். எழுதுங்கோ, பேத்திக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் என்னுடையது.

நான் வந்தது 1987 செப்டெம்பரில். மொன்றியலின் கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் ஐந்து பேர். நவம்பர் 2ஆம் திகதி காலை வேலைக்கு இறங்கும்போது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் கதவைத் திறந்துபோட்டபடி தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தார். திரையில் கறுப்பு வெள்ளைப் படம். கட்டையான ஒரு மனிதர், ஒரு கையில் சிகரெட், மற்றக் கையில் நீளக் கம்பு, பின்னால் கரும்பலகையும் உலகப் படமும். கம்பால் எதையோ தட்டித் தட்டிக் காட்டி வேகமாகப் பேசுகிறார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. கிழவருக்குப் படிப்பித்த வாத்தியார் செத்துப்போனார் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரிலும் பழைய வாத்தியார் போய்விட்டால் வயதானவர்கள் அப்படித்தான் அழுவார்கள்.

பிறகு பிரெஞ்சு வகுப்பில்தான் ஆள் யார் என்று விளங்கியது. முந்தின நாள் இரவு இறந்தவர், வயது 65. நான் கண்ட படம், 1956 முதல் 1959 வரை கனடாவின் அரச ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான ரேடியோ-கனடாவில் அவர் நடத்திய 'புவான் து மீர்' நிகழ்ச்சி. தொடங்கியபோது ஞாயிறு இரவு 11 மணிக்கு மேல்தான் போகுமாம். விடிந்தால் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சனங்கள் நித்திரை முழித்து இருந்து சுயஸ் கால்வாயையும் அல்ஜீரியாவையும் பற்றிக் கேட்டார்கள். தெரியாதவனைத் தாழ்த்தாமல் சொல்லிக்கொடுக்கிற ஆள் வாய்த்தால் சனம் முழித்திருக்கும். அந்த வாரம் பழைய மொன்றியல் பக்கம் அஞ்சலி செலுத்த நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். குளிருக்குள் வேலை உடுப்போடு நின்றவர்கள்தான் என் கண்ணில் நிற்கிறார்கள்.

*

டாக்சி ஓட்டியவன், பார்க் எக்ஸ்டென்ஷன்

உங்கள் பேத்தி சொன்னதில் பிழை இல்லை அண்ணை. நான் அவரைத் தெருவில்தான் கண்டேன். 26 வருடம் அந்தத் தெருவில் ஓடியிருக்கிறேன். முன்பு அதற்கு டோர்செஸ்டர் என்று பெயர், அவர் இறந்த பிறகுதான் மாற்றினார்கள். வயதான ஆங்கிலக்காரர் சிலர் ஏறியதும் "டோர்செஸ்டர்" என்றே சொல்வார்கள். வெஸ்ட்மவுண்ட் எல்லைக்குள் போனால் பலகையிலும் இன்றுவரை டோர்செஸ்டர்தான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தத் தெருவின் கிழக்குப் பக்கத்தில் ரேடியோ-கனடாவின் பழைய கோபுரம். மேற்கே வந்தால் மாகாண மின்சார நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் தலைமையகம். அவர் செய்தி சொன்ன நிறுவனமும், அமைச்சராக இருந்து பெரிதாக்கிய நிறுவனமும் அவர் பெயருள்ள தெருவிலேயே வந்து அமைந்துவிட்டன. வெளிநாட்டுப் பயணிகள் ஏறினால் இதைக் கட்டாயம் சொல்லுவேன்.

இன்னொன்று. எனக்கு ஒரு தரம் விபத்து. கால் முறிந்து நாலு மாதம் வீட்டில். யார் பிழை என்று வழக்காடாமல் மாகாணக் காப்புறுதியிலிருந்து காசு வந்தது. அந்த ஏற்பாடு லெவெக் அரசாங்கம் 1978இல் கொண்டுவந்தது. சட்டத்தை நிறைவேற்றிய அமைச்சர் லிஸ் பாயெட், அவரும் வானொலி, தொலைக்காட்சியில் இருந்து அரசியலுக்கு வந்தவர்தான். கார் இலக்கத் தகட்டில் 'ஜெ ம சூவியன்', அதாவது 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்', என்று வந்ததும் அவர் காலத்தில்.

*

101இன் பிள்ளை

நான் கண்டது வகுப்பறையில். கொழும்பில் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை எட்டு வயதில் இங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். 1977 ஓகஸ்ட்டில் வந்த 101ஆம் சட்டப்படி, குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். முதல் வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். ஒரு ஆசிரியை என்னை மந்தம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். அம்மா அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டு ஹெயிற்றிக்காரரிடம் கொடுத்தார். அந்தச் சட்டத்தின் மீதும் அதைக் கொண்டுவந்த மனிதர் மீதும் வெகு காலம் கோபமாக இருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டி வந்தது. அப்போதுதான் தெரிந்தது: சட்டத்தை வடித்தவர் கமீல் லோரன் என்ற அமைச்சர். லெவெக்குக்கு அதில் மனம் முழுதாக ஒட்டவில்லை. தன் மொழியைக் காக்கச் சட்டம் போட வேண்டியிருப்பதே ஒரு சமூகத்துக்கு அவமானம் என்று நினைத்தவர். அவர் வளர்ந்த நியூ கார்லைல், ஆங்கிலேயர் பெரும்பான்மையாக இருந்த ஊர். சின்ன வயதிலேயே ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர். பிரெஞ்சுக்காரன் சொந்த ஊரிலேயே ஒதுங்கி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்.

அதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அரசாங்க வேலையில் இருந்த தாத்தா பட்ட பாட்டை அவர் சொல்லிச் சொல்லி வளர்த்தார். இரண்டும் ஒன்றல்ல. மொழியை வைத்து ஒரு மனிதனை வெளியே நிறுத்த முடியும் என்பதை லெவெக் உடம்பால் அறிந்திருந்தார், அவ்வளவுதான். கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் இன்று நான் உழைத்துச் சாப்பிடுவது பிரெஞ்சில்.

*

முன்னாள் நிருபர், லாவால்

அரசியலைவிட எனக்கு அவருடைய பழைய தொழில்தான் நெருக்கம். 1944இல் சட்டப் படிப்பை இடையில் விட்டு, அமெரிக்க யுத்தத் தகவல் அலுவலகத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அப்போது வயது 21. அமெரிக்கப் படையோடு போய் நாசிகளின் டக்காவ் வதைமுகாமுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். 1951இல் கொரிய யுத்தத்திலிருந்து வானொலிக்குச் செய்தி அனுப்பினார். 1955இல் கனடா வெளிவிவகார அமைச்சர் பியர்சனோடு சோவியத் ஒன்றியம் போய், அந்நாட்டுத் தலைவர் குருஷேவின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார்.

நானும் யுத்தத்துக்குள் நின்று செய்தி எழுதியவன். பிணங்களைக் கண்ட பிறகு ஒருவனுடைய குரல் மாறிவிடும், அதை நான் அறிவேன். அவருடைய பேச்சுகளை இணையத்தில் தேடிக் கேட்கும்போது ஒன்றைத்தான் கவனிப்பேன்: கூட்டத்தை வெறியேற்றும் இடங்களில் பின்வாங்குவார். 1980 மே 20, கியூபெக் தனிநாட்டுக்காக அவர் அரசாங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் 'வேண்டாம்' என்று விழுந்த இரவு. போல் சோவே அரங்கில் சனம் அழுதுகொண்டிருக்கிறது. இவர் மேடையில் தோளைக் குறுக்கி நின்று, "உங்களை நான் சரியாக விளங்கிக்கொண்டிருந்தால், அடுத்த தடவை வரைக்கும் என்று சொல்கிறீர்கள்" என்கிறார். பிறகு மக்களின் தீர்ப்பை ஏற்க வேண்டும் என்று சொல்கிறார். ஒரு தனிநாட்டுக் கோரிக்கை ஒரு உயிர்கூடப் போகாமல் ஓர் இரவில் எண்ணி முடிந்தது. அந்தப் பதிவை என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.

அவர் அரசியலுக்குத் தள்ளப்பட்டதும் ஊடகத்தால்தான். 1958 டிசம்பர் கடைசியில் ரேடியோ-கனடாவின் பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 68 நாள் போனது. ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசாங்கம் கணக்கெடுக்கவில்லை. ஆங்கிலப் பக்கம் நின்றிருந்தால் இப்படி விட்டிருப்பார்களா என்று லெவெக் கேட்கத் தொடங்கினார். 1960 ஜூனில் லிபரல் கட்சி வேட்பாளராக வென்று நேரே அமைச்சரானார்.

*

மின்வேலை செய்பவன்

சுருக்கமாக எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் எங்கள் ஆசான் ஒரு பாடம் முழுக்க 1962ஐப் பற்றியே சொன்னார். அதற்கு முன்னால் மின்சாரம் பெரும்பாலும் தனியார் கையில் துண்டு துண்டாக. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு கட்டணம். அபிட்டிபிப் பக்கம் மின்சாரம் வேறு அலைவெண்ணில் (25 ஹேர்ட்ஸ்) ஓடியது, மொன்றியலில் வாங்கிய கடிகாரம் அங்கே சரியாக ஓடாது. லெவெக் மறுபடியும் கரும்பலகையும் கம்புமாக ஊர் ஊராகப் போய் இதை விளக்கினார். மின்சாரத்தை மாகாணம் எடுப்பதா என்ற அந்த ஒரு கேள்வியை வைத்தே தேர்தல் நடத்தி வென்றார்கள். 1963 மே மாதம் 11 கம்பனிகள் ஹைட்ரோ-கியூபெக்குக்கு வந்தன, விலை 60 கோடி டொலருக்கு மேல். ஆசான் சொன்னார்: "என் அப்பா ஆங்கிலத்தில் கட்டளை கேட்டு வேலை செய்தார். நான் பிரெஞ்சில் படம் வாசித்து வேலை செய்தேன்."

*

காஸ்பேசி போய் வந்தவள்

இந்த இழையை இவருக்கு வாசித்துக் காட்டினேன், நீயும் எழுது என்றார். இரண்டு கோடைக்கு முன், லெவெக் வளர்ந்த காஸ்பேசிப் பகுதிக்கு வண்டியில் போனோம். ஒரு நாள் முழுக்க ஓட்டம். ஷலேர் குடாக் கரையில் நியூ கார்லைல், மரவீடுகள், கடல் காற்று, அவ்வளவுதான். லெவெக் பிறந்தது அங்கே இல்லை. 1922இல் ஊரில் ஆஸ்பத்திரி இல்லாததால் தாயைக் குடாவின் மறுபக்கம் காம்ப்பெல்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சின்ன ஊருக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்ததுதான் எனக்கு அதிசயம். பதின்ம வயதில் விடுமுறைக்கு அங்கே போய், ஆங்கிலத்தில் வரும் செய்தியைப் பிரெஞ்சில் மாற்றி வாசித்திருக்கிறார்.

அங்கே அவருடைய சிலை ஒன்று இருக்கிறது. முதலில் கியூபெக் நகரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் வைத்தது. ஆளின் உயரத்துக்கே செய்ததால், சுற்றிலும் இருக்கும் பெரிய சிலைகளுக்கு நடுவில் சின்னதாகத் தெரிகிறது என்று சனம் குறைப்பட்டது. 2001இல் அங்கே பெரிதாக வேறொன்று வைத்து, இதை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இந்தச் சின்னதுதான் பிடித்தது. பீடத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் படம் எடுக்க, நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய தோளும் என் தோளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். படத்தை அனுப்புகிறேன், பேத்திக்குக் காட்டுங்கோ.